கையேட்டைக் காட்டும் எழுத்து

ஓலைச்சுவடி படித்துப் பழகியவர்களுக்கு இது தெரிந்த செய்திதான். சுவடியில் மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி இருப்பதில்லை. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வேறுபாடு தெரிவதில்லை. ரகரமும் துணைக்காலும் ஒரே வடிவில் நிற்கும். எழுதியவருக்கு ஐயமில்லை, ஐயமெல்லாம் படிப்பவருக்கே. அவர் சீரையும் தளையையும் பொருளையும் துணைக்கொண்டு, ஒரு வாசிப்பை முதலில் எடுத்துக்கொள்கிறார். அது பொருந்தாவிட்டால் அடுத்ததற்குப் போகிறார். எதை முதலில் எடுத்துக்கொள்வது என்னும் இந்தச் சிக்கல் கணினிக்கும் உண்டு. அங்கே அதற்கு 'முன்னிருப்பு' என்று பெயர். யாரும் எதுவும் சொல்லாதபோது பொறி தானாகக் கைக்கொள்ளும் தேர்வு அது.

நாம் சொல்ல வருவது யூனிக்ஸ் வகைக் கணினிகளின் கையேட்டைப் பற்றி. கருந்திரை முனையத்தில் 'மேன்' என்று தட்டி, கூடவே ஒரு கட்டளையின் பெயரையும் தட்டினால், அக்கட்டளைக்கான விளக்கப் பக்கம் திரையில் விரியும். சாளரங்களும் சுட்டியும் மட்டுமே அறிந்த நண்பர்களுக்கு இது பழங்கால வழக்கமாகத் தோன்றலாம். பழங்காலம்தான், ஆனால் இன்றும் வழக்கொழியவில்லை. அப்பக்கத்தில் உள்ள எழுத்துகளை எந்தக் குறியேற்றத்தில் காட்டுவது என்னும் கேள்விக்கு விடை காண நாற்பதாண்டுகளுக்கு நெருக்கமாயிற்று. ஒரு பகுதி இன்னும் முடியவில்லை என்பது நம் கணிப்பு.

இவ்வரலாறு 1964இல் மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் தொடங்குகிறது. ஜெரோம் சால்ட்சர் என்பவர் 'ரன்ஆஃப்' என்னும் நிரலை எழுதினார். உரையினூடே, வரியின் தொடக்கத்தில் ஒரு புள்ளி வைத்து ஒரு சொல்லை எழுதினால், அது உரையன்று, அச்சுக்கோப்பவனுக்கு இடும் ஆணை என்று பொறி புரிந்துகொள்ளும். அந்த முறை பெல் ஆய்வகத்துக்குப் போய், பெயர் தேய்ந்து 'ரோஃப்' ஆயிற்று. இன்றைய கையேட்டுப் பக்கத்தின் மூலக்கோப்பைத் திறந்தாலும் வரிக்கு வரி அந்தப் புள்ளி தொடக்கத்தில் நிற்பதைக் காணலாம். நம் ஏடெழுதியவர்கள் விட்டுவிட்ட புள்ளியை அமெரிக்கர்கள் இப்படிப் பிடித்துக்கொண்டார்கள் என்று வகுப்பில் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

யூனிக்ஸ் பிழைத்து வளர்ந்ததே ஒருவகையில் இந்த ரோஃபினால்தான். பெல் ஆய்வகத்தின் காப்புரிமைப் பிரிவுக்கு விண்ணப்பங்களை ஒழுங்காக அச்சிட்டுத் தர ஒரு கருவி தேவைப்பட்டது. 'உரை தயாரிக்கிறோம்' என்று சொல்லித்தான் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் அவர்தம் குழுவினரும் புதிய கணினிக்குப் பணம் பெற்றார்கள். 1971இல் காப்புரிமைப் பிரிவு அதைப் பயன்படுத்தத் தொடங்கியது. அதே ஆண்டு நவம்பர் 3ஆம் நாளிட்டு, தாம்சனும் ரிட்சியும் எழுதிய முதல் கையேடு வெளிவந்தது. பின்னர் ஜோ ஒசானா 'என்ரோஃப்', 'டிரோஃப்' என்னும் இரண்டை எழுதினார். முன்னது தட்டச்சு முனையங்களுக்கு, பின்னது ஒளியச்சுப் பொறிக்கு. ஒசானா 1977இல் மறைந்தபின் பிரயன் கெர்னிகன் டிரோஃபை எந்தப் பொறிக்கும் பொருந்துமாறு திருத்தியமைத்தார்.

அந்நாளில் எழுத்தைத் தேர்ந்தெடுக்கும் கேள்வியே எழவில்லை. இருந்தது ஒன்றே, அது ஆஸ்கி. 7 துகள், 128 இடம். அவற்றுள் இடைவெளியையும் சேர்த்து அச்சாகக்கூடியவை 95. சிறிய எழுத்துகள்கூட 1967ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் உறுதிப்பட்டன. என்ரோஃப் மனத்தில் வைத்திருந்த பொறி டெலிடைப் 37 என்னும் தட்டச்சு முனையம். தடித்த எழுத்து வேண்டுமா? எழுத்தை அடி, ஓரிடம் பின்வாங்கு, அதே எழுத்தை மறுபடியும் அடி. அடிக்கோடு வேண்டுமா? கோட்டை அடித்துப் பின்வாங்கி, மேலே எழுத்தை அடி. தட்டச்சுப் பொறியில் கைபழகிய நம் தலைமுறையினர் இதைச் செய்திருக்கிறோம். தாள் மறைந்து திரை வந்தபின்னும் இந்த 'அடி, பின்வாங்கு, அடி' வழக்கம் கோப்புகளுக்குள் தங்கிவிட்டது. திரையில் பக்கம் பக்கமாகக் காட்டும் 'லெஸ்' என்னும் நிரல், இரட்டையடியைக் கண்டால் தடித்த எழுத்து என்று இன்றும் பொருள்கொள்கிறது.

ஐரோப்பாவில் 128 போதவில்லை. முதலில் ஒரு குறுக்குவழி கண்டார்கள். ஆஸ்கியில் அதிகம் புழங்காத குறிகள் சிலவற்றின் இடத்தில் ஒவ்வொரு நாடும் தன் எழுத்தை வைத்துக்கொள்ளலாம் என்பது அது. ஜெர்மானியர் சதுர அடைப்பையும் நெளி அடைப்பையும் நீக்கி, தலையில் இரு புள்ளி வைத்த உயிர்களை அங்கே குடியேற்றினார்கள். கடிதம் எழுதுவோருக்கு நன்மை; நிரல் எழுதுவோருக்குத் தலைவலி. ரோஃபின் உயிர்நாடி பின்சாய்கோடு. ஜெர்மானியத் திரையில் அது இரு புள்ளி சுமந்த 'ஓ'வாகத் தெரியும். எண் ஒன்றே, வாசிப்பு இரண்டு: நம் சுவடிச் சிக்கல்தான்.

எட்டாவது துகளையும் பயன்படுத்தி 256 இடங்களாக்கியபோது சற்றே மூச்சு விட முடிந்தது. 1987இல் வந்த ஐஎஸ்ஓ 8859-1, அதாவது லத்தீன்-1, மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கானது. பிரெஞ்சுக்காரர்களின் 'ஓஇ' கூட்டெழுத்தைக்கூட விட்டுவிட்டது என்பது தனிக்கதை. 1990இல் ஜேம்ஸ் கிளார்க் 'குரோஃப்' என்னும் கட்டற்ற மாற்று நிரலை வெளியிட்டார். லினக்ஸ் கணினிகளில் கையேட்டைக் காட்டும் பொறுப்பு அதற்கே வந்து சேர்ந்தது. அதன் உள்ளே ஓர் எழுத்து என்றால் 8 துகள்; வரும் கோப்பு லத்தீன்-1 என்பது முன்னிருப்பு. அந்த ஆண்டில் அது தாராளமான தேர்வு. ஆஸ்கியோடு நின்றுவிடாமல் ஐரோப்பாவின் பாதியை உள்ளே விட்டதல்லவா?

மறுபாதி வெளியே நின்றது. போலந்துக்காரருக்கு 8859-2, கிரேக்கருக்கு 8859-7, உருசியருக்குக் கோய்8-ஆர் என்று தனித்தனி ஏற்பாடுகள். இந்தக் கோய்8-ஆர் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அதில் உருசிய எழுத்துகளை அகர வரிசையில் வைக்காமல், ஒலியொத்த ஆங்கில எழுத்துக்கு நேர் எதிரே வைத்தார்கள். வழியில் ஏதேனும் பழைய பொறி எட்டாவது துகளை வெட்டிவிட்டாலும், எஞ்சுவது ஆங்கில எழுத்தில் எழுதிய உருசியமாக இருக்கும், தட்டுத்தடுமாறிப் படித்துவிடலாம். விபத்து நேரும் என்று அறிந்தே செய்த ஏற்பாடு. நம் தமிழ் எழுத்துருக்களை வடிவமைத்தவர்களுக்கு இந்த முன்யோசனை வாய்க்கவில்லையே என்று நாம் வருந்தியதுண்டு. சப்பானியருக்கு 256 இடங்கள் எம்மூலைக்கு? அவர்கள் குரோஃபுக்கே ஒட்டுப்போட்டு 'நிப்பான்' என்று ஒரு தனி வெளியீட்டு வழியைச் சேர்த்தார்கள். டெபியன் போன்ற லினக்ஸ் வெளியீடுகள் அந்த ஒட்டோடு பல ஆண்டுகள் காலந்தள்ளின.

இவற்றுக்கெல்லாம் நடுவே அடிப்படைக் குறை ஒன்று இருந்தது. கையேட்டுப் பக்கம் தான் எந்தக் குறியேற்றத்தில் எழுதப்பட்டது என்று தன்மேல் எழுதிவைத்துக்கொள்வதில்லை. அது கிடக்கும் அடைவின் பெயரைப் பார்த்து, 'இது உருசிய அடைவு, ஆகவே கோய்8-ஆராக இருக்கும்' என்று ஊகிக்க வேண்டியிருந்தது. ஊகம் தவறினால் திரை முழுதும் குப்பை.

அதன் வேதனை எமக்குப் புதிதன்று. 2001இல் எம் மாணவர்கள் சுற்றுவட்டாரச் சிற்றூர்களில் தாலாட்டுப் பாடல்களைத் திரட்டி வந்தார்கள். நாற்பது பாட்டுக்குக் குறையாது. ஒரு கணினி மையத்தில் கொடுத்துத் தட்டச்சு செய்து வாங்கினோம். அவர்கள் பயன்படுத்தியது தங்களுக்கென்று செய்துகொண்ட எழுத்துரு. தமிழ்நெட் 99 மாநாட்டில் டேம், டேப் என்று பேசி முடித்து ஈராண்டு கழிந்திருந்தது. தகுதரம் என்னும் திஸ்கியும் இணையத்தில் புழங்கிக்கொண்டிருந்தது. அம்மையத்தார் எதையும் பொருட்படுத்தவில்லை. சில ஆண்டுகளில் மையமும் மறைந்தது, எழுத்துருவும் மறைந்தது. வட்டில் எஞ்சியவை நாற்பது கோப்புகள். திறந்தால் ஐரோப்பிய உயிரெழுத்துகளும் பண அடையாளங்களும் கலந்த ஒரு சேறு. பாடிய பாட்டிமார் பலர் அதற்குள் காலமாகிவிட்டார்கள். அக்கோப்புகளை என்ன செய்தோம் என்பதைப் பிறகு சொல்கிறோம்.

இப்போது 1992. யூனிகோடு, அதாவது ஒருங்குறி, அதற்கு முந்தைய ஆண்டே வெளிவந்திருந்தது. உலக எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுத்தாயிற்று. தமிழுக்கும் இஸ்கியை ஒட்டி இடம் ஒதுக்கியாயிற்று. ஆனால் அந்த எண்களைக் கோப்பில் எப்படி எழுதுவது? ஒவ்வோர் எழுத்துக்கும் இரண்டு எண்ணெட்டு என்று வைத்தால், ஆஸ்கியை நம்பி எழுதிய பழைய நிரல்களெல்லாம் நொறுங்கும். அந்தச் செப்டம்பரில் நியூ செர்சியில் ஓர் உணவகத்தில் இரவுணவின்போது கென் தாம்சன், ராப் பைக் எதிரே இருக்க, மேசைமேல் விரித்திருந்த தாளில் ஒரு முறையை வரைந்தார். அதுதான் யுடிஎஃப்-8. சில நாட்களிலேயே அவர்களுடைய பிளான் 9 இயங்குதளம் முழுவதும் அதற்கு மாறிவிட்டது. அதில் இருந்த டிரோஃபும் மாறிற்று. 1971இல் முதல் கையேட்டை எழுதிய இருவரில் ஒருவர்தான் இந்தத் தாம்சன். தாம் தொடங்கிவைத்த சிக்கலுக்குத் தாமே மருந்தும் கண்டார் எனலாம். மருந்து வெளியுலகக் கையேடுகளுக்குச் சேரப் பதினைந்தாண்டு ஆயிற்று.

யுடிஎஃப்-8இன் நயம் இரண்டு. ஆஸ்கி எழுத்துகள் அதில் அப்படியே இருக்கும் என்பது ஒன்று. மற்றதுதான் நம் கதைக்குத் தேவையானது. ஆஸ்கி அல்லாத எழுத்து ஒவ்வொன்றும் பல எண்ணெட்டுகளால் ஆனது. தலைமை எண்ணெட்டு தனக்குப் பின்னே எத்தனை வரும் என்று சொல்லிவிடும். பின்வருபவை 'நான் தொடர்ச்சி' என்று அடையாளம் காட்டும். யாப்புப் போன்றது. வேறு குறியேற்றத்தில் எழுதிய உரையை யுடிஎஃப்-8 என்று கொண்டு படித்தால் தளை தட்டும், உடனே பிடிபட்டுவிடும். லத்தீன்-1க்கு இந்தத் திறம் கிடையாது. எந்த எண்ணெட்டைக் கொடுத்தாலும் ஏதோ ஓர் எழுத்து என்று தலையாட்டும், தவறைக் காட்டிக்கொடுக்காது. தமிழ் எழுத்தொன்றுக்கு யுடிஎஃப்-8இல் மூன்று எண்ணெட்டு. அதை லத்தீன்-1 என்று படித்தால் தலையில் சாய்கோடு சுமந்த 'ஏ'யும் வட்டத்துக்குள் 'ஆர்' என்னும் வணிகக்குறியும் வரிசைவரிசையாக வரும். இணையத் தமிழின் தொடக்க ஆண்டுகளில் மடல்களைத் திறந்தவர் எவரும் அந்த அணிவகுப்பை மறந்திருக்க மாட்டார்.

ரெட்ஹாட் லினக்ஸ் 2002இல் தன் 8.0 பதிப்பில் யுடிஎஃப்-8ஐ முன்னிருப்பாக்கியது. டெபியன் 2007இல் பின்தொடர்ந்தது. திரை மாறிவிட்டது, கோப்புகள் மாறவில்லை, இடையே இருக்கும் குரோஃபோ 8 துகளுக்குமேல் நினைக்கத் தெரியாதது. இந்த இடைவெளியில்தான் 'மேன்-டிபி' என்னும் நிரலைப் பேணிவரும் காலின் வாட்சன் 2007இல் ஒரு வழி செய்தார். பக்கத்தை முதலில் யுடிஎஃப்-8 என்று கொண்டு படித்துப்பார். தளை தட்டினால் மட்டும் அந்த மொழியின் பழைய குறியேற்றத்துக்குப் போ. சொன்னால் எளிது. ஆனால் இவ்வரிசையைத் திருப்பிப்போட முடியாது என்பதைக் கவனிக்க வேண்டும். லத்தீன்-1ஐ முதலில் வைத்தால் அது எதையும் மறுக்காது. யுடிஎஃப்-8க்கு வாய்ப்பே வராது. மறுக்கத் தெரிந்தவனை வாயிலில் நிறுத்தி, எதற்கும் ஆமாம் போடுகிறவனைக் கடைசியில் வைத்தார். பழைய பக்கங்களைத் தூக்கி எறியாமலும், எல்லாரும் ஒரே நாளில் மாற வேண்டும் என்று அதட்டாமலும் செய்த இந்த ஏற்பாட்டை நாம் பெரிதும் மதிக்கிறோம். ஈராண்டு கழித்து, 2009 சனவரியில் வந்த குரோஃப் 1.20இல் 'பிரீகான்வ்' என்னும் முன்செயலி சேர்ந்தது. அது எந்தக் குறியேற்றத்தில் வந்த பக்கத்தையும் குரோஃபுக்குப் புரியும் ஆஸ்கி ஆணைகளாக மொழிபெயர்த்து உள்ளே அனுப்பும். குரோஃபின் வயிறு மாறவில்லை. உணவை நறுக்கிக் கொடுக்க ஆள் வைத்தார்கள்.

உள்ளே வருவது இப்படித் தீர்ந்தது. வெளியே போவது எந்த எழுத்தில்? பயனர் தன் வட்டார அமைப்பில் யுடிஎஃப்-8 என்று குறித்திருந்தால் அதில். ஒன்றும் குறிக்காவிட்டால் ஆஸ்கியில். ஆஸ்கியில் காட்டும்போது பதிப்புரிமைக் குறி, அடைப்புக்குள் ஒரு 'சி'யாகச் சுருங்கும். ஓப்பன்பிஎஸ்டி குழுவினர் 2010இல் குரோஃபையே தம் அடிப்படைத் தொகுதியிலிருந்து விலக்கி, கிறிஸ்டாப்ஸ் சொன்சான்ஸ் தொடங்கிய 'மேன்டாக்' என்னும் சிறிய நிரலைக் கைக்கொண்டார்கள். இன்று அவர்களிடம் ஆஸ்கி, யுடிஎஃப்-8 என்னும் இரண்டைத் தவிர வேறு குறியேற்றத்துக்கு இடமில்லை. கடுமையான முடிவுதான். ஆனால் வாயிற்காவலனுக்கு வேலை குறைந்துவிட்டது.

எல்லாம் முடிந்தது என்று நினைத்த இடத்தில் ஒரு சிறு கோடு கலகம் செய்தது. ஆஸ்கியில் இணைப்புக்கோட்டுக்கும் கழித்தல் குறிக்கும் ஒரே எழுத்துதான். கட்டளைகளின் விருப்பத்தேர்வுகளை அந்தக் கோட்டை முன்வைத்தே தட்டுகிறோம். ரோஃபிலோ வெறுங்கோடு இட்டால் சொற்களை இணைக்கும் கோடு. பின்சாய்கோடு சேர்த்து இட்டால் கழித்தல். ஆஸ்கித் திரையில் இரண்டும் ஒன்றாகத் தெரிந்ததால் கையேடு எழுதியோர் பலர் வேறுபாட்டைக் கருதாமல் வெறுங்கோட்டையே இட்டுவந்தார்கள். ஒருங்குறியில் உண்மையான இணைப்புக்கோட்டுக்குத் தனி எழுத்து உண்டு. முன்னிருப்பு யுடிஎஃப்-8 ஆனதும் குரோஃப் இலக்கணப்படி அந்தத் தனி எழுத்தைக் காட்டிற்று. கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. ஆனால் பக்கத்திலிருந்து கட்டளையை வெட்டி ஒட்டினால் வேலை செய்யாது. பக்கத்துக்குள் ஒரு விருப்பத்தேர்வைத் தேடினால் இல்லை என்று வரும். கற்கும் மாணவன் தன் மேலேயே ஐயங்கொள்வான். டெபியன் போன்றோர் இரண்டையும் ஆஸ்கிக் கோடாகவே காட்டுமாறு திருத்தம் வைத்துக்கொண்டார்கள். 2023 சூலையில் குரோஃப் 1.23 வந்தபோது இந்த வழக்கு மறுபடி மேலெழுந்தது. எழுதுவோர் இலக்கணத்தைக் கற்கட்டும் என்றது ஒரு பக்கம். ஆயிரக்கணக்கான பக்கங்களை யார் திருத்துவது என்றது மறுபக்கம். டெபியன் பழைய திருத்தத்தையே தொடர்ந்தது. இலக்கண ஆசிரியராகிய நாம் முதல் கட்சியில் சேர வேண்டியவர்கள். இவ்விடத்தில் மட்டும் வழக்கின் பக்கமே நிற்கிறோம். கையேடு இருப்பது உதவுவதற்கு.

தமிழுக்கு முனையத்தில் வேறொரு சிக்கல் உண்டு. முனையம் என்பது கட்டம்போட்ட தாள்; எழுத்துக்கு ஒரு கட்டம், சீன எழுத்துக்கு இரண்டு. எந்த எழுத்துக்கு எத்தனை கட்டம் என்பதற்குக் கேம்பிரிட்சைச் சேர்ந்த மார்க்கஸ் குன் எழுதிக்கொடுத்த சிறு நிரலைப் பலரும் பின்பற்றினர். அவர் ஒருங்குறியின் வகைப்பாட்டை அப்படியே எடுத்துக்கொண்டார். அவ்வகைப்பாட்டில் இகரக் கொக்கி இடம் அடைக்கும் குறி. ஈகாரச் சுழி இடம் அடைக்காத குறி. விளைவு, அந்த நிரலின் கணக்கில் 'கி' இரண்டு கட்டம், 'கீ' ஒரு கட்டம். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்று முதலாண்டு மாணவர்களுக்குப் பாடம் நடத்திவிட்டு வந்து இதைப் பார்த்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. 'கா'வுக்கு இரண்டு கட்டம். அங்கே மட்டும் தொல்காப்பியர் பிழைத்தார்.

தாலாட்டுக் கோப்புகளுக்கு வருவோம். 2010இல் தமிழ்நாட்டு அரசு ஒருங்குறியையும் டேஸ்16ஐயும் தரமாக அறிவித்தபின், எம் மாணவர் ஒருவரோடு அமர்ந்து அவற்றை மீட்க முயன்றோம். எழுத்துரு இல்லை, அட்டவணை இல்லை. தெரிந்த குறியேற்றங்களையெல்லாம் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தோம். எதுவும் மறுக்கவில்லை, எதுவும் பொருந்தவுமில்லை. பிறகு அவருக்கு ஒன்று தோன்றியது. தாலாட்டில் 'ஆராரோ' வராமல் இருக்குமா? ஒரே வரிசை எண்ணெட்டுகள் பாட்டுக்குப் பாட்டு, அடிக்கு அடி திரும்ப வரும் இடத்தைத் தேடினோம். கிடைத்தது. அதிலிருந்து ஆகாரம், ரகரம், ஒற்றைக்கொம்பா இரட்டைக்கொம்பா, துணைக்கால். அங்கிருந்து 'கண்ணே', அங்கிருந்து 'மாமன்'. இரண்டு விடுமுறைக் காலம் பிடித்தது. முப்பத்தொரு பாட்டு மீண்டது. எஞ்சியவற்றில் சில இடையிலேயே சிதைந்துபோனவை. இரண்டு கோப்புகள் மட்டும் முழுமையாக இருக்கின்றன. அவற்றில் 'ஆராரோ' இல்லை. ஒப்பாரியாக இருக்கலாம் என்று ஊகிக்கிறோம். படியெடுத்து யுடிஎஃப்-8 கோப்புகளுக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறோம்.